பதினேழாம் நம்பர் கத்தி

கிடங்கில் அவரை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், மனுஷர் பொழுது சாய்ந்தால் ஊற்றிக்கொள்கிற ஆசாமி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மில்லி சோடாகூடக் குடிக்காதவர். கடைக்காரன் அதில் என்னத்தைக் கலந்து வைத்திருக்கிறானோ என்ற பயம். அவருடைய மில்லி, மில்லிமீட்டர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெர்னியர் குத்திக்கொண்டு நிற்கும். ஆணி, போல்ட், கயிறு, தார்ப்பாய், எது உள்ளே வந்தாலும் முதலில் அதன் பருமனை அளந்துவிட்டுத்தான் கொண்டுவந்த ஆளிடம் 'வாங்க' என்பார்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் அங்கே ஸ்டோர் கீப்பர். ஆள் உயர மரப்பெட்டிகளில் இயந்திரங்கள் வந்து இறங்கும். கயிற்றையும் பிளாஸ்டிக் பட்டைகளையும் அறுத்து, பலகைகளைப் பெயர்த்து, உள்ளே இருப்பதை அலுங்காமல் வெளியே எடுப்பது நாற்பது பேரின் வேலை. ஆளுக்கொரு கத்தி. மடக்குக் கத்தி இல்லை. கைப்பிடியோடு அலகு இறுகி நிற்கிற, ஒரு சாண் நீளக் கத்தி. சட்டப்படி அது அறுக்க மட்டும்தான். பெயர்ப்பதற்குக் கடப்பாரை இருக்கிறது. ஆனால் கடப்பாரை எப்போது பார்த்தாலும் நாலு வரிசை தள்ளி எங்கேயோ கிடக்கும், கத்தி இடுப்பிலேயே இருக்கும். அதனால் பலகை இடுக்கில் கத்தியைச் செருகி, கைப்பிடி வரைக்கும் தட்டி இறக்கி, பக்கவாட்டில் ஒரு நெம்பு. எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்பது மேனேஜருக்கும் தெரியும்.

மில்லிக்கு உலகத்தில் யார்மேலும் முழு நம்பிக்கை கிடையாது. தக்காளி வாங்கிவந்தால் வீட்டில் மறுபடி எடை போடுவார். குறைந்தால் கோபம் வரும். சரியாக இருந்தால் இன்னும் மோசம், 'எதுக்கு இவன் இவ்வளவு கரெக்டா போட்டிருக்கான்?' என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் யோசிப்பார். பொருள்களை யாராவது மாற்றிவிடுவார்கள் என்று எல்லாவற்றிலும் எண் அடித்து வைப்பார். அதற்கென்றே ஒரு சின்ன மரப்பெட்டி, அதற்குள் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எஃகு அச்சுகள். நம்பர் பஞ்ச் என்பார்கள். அச்சைப் பொருள்மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டால் எண் இரும்பில் பதிந்துவிடும், அப்புறம் அழியாது. சாப்பாட்டு டப்பா, வாளி, பூட்டு, குடைக்காம்பு, வீட்டுக் கரண்டிகள் உட்பட எதுவும் தப்பவில்லை. "கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா பக்கத்துலயே நின்னாரு, பொழச்சேன். இல்லாட்டி என் நெத்தியிலயும் ஒரு நம்பர் விழுந்திருக்கும்" என்பார் அவர் மனைவி. மில்லி இதற்கெல்லாம் சிரிக்க மாட்டார். மாடிவீட்டு வாளியும் தங்கள் வாளியும் ஒரே நிறம் என்பது அவருக்கு மட்டும்தானே தெரியும்.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் தங்கை புருஷன். அதுவும் சும்மா வந்த நம்பிக்கை இல்லை. பெண் கொடுப்பதற்கு முன்னால் எட்டு மாதம் அந்த மனுஷரை விசாரித்திருந்தார். வேலை செய்த இடம், சாப்பிட்ட இடம், முடி வெட்டிக்கொண்ட கடை வரைக்கும் போய்க் கேட்டார். ஒரு சொத்தை கிடைக்கவில்லை. கல்யாணமான கையோடு தன் கிடங்கிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தார். வேலையிடத்தில் எல்லோரும் அவரையும் 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

போன வருஷம் அந்த மாப்பிள்ளையின் கையில்தான் கத்தி உடைந்தது. வழக்கம்போலப் பலகை இடுக்கில் இறக்கி நெம்பியிருக்கிறார். டக் என்று கைப்பிடியை ஒட்டி ஒடிந்தது. அலகு இடுக்கிலேயே நின்றது, நெம்பின வேகத்தில் வலது கை அந்த ஒடிந்த முனையின் மேலேயே போய் விழுந்தது. உள்ளங்கையில் நரம்பு போயிற்று. டாக்டர் பதினாலு தையல் என்றார். மில்லி கட்டுப் பிரிக்கும்போது எண்ணிப் பார்த்துச் சரிதான் என்று தெரிந்துகொண்டார். தையல் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. இப்போது மாப்பிள்ளை வாசல் கேட்டில் உட்கார்ந்து, வருகிற லாரிகளின் எண்ணை இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து போலிருக்கும். தண்ணீர் டம்ளரை வலது கையால் தூக்க முடியாது.

ஒடிந்த கத்தி பதினேழாம் நம்பர். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே மில்லி வெர்னியரை எடுத்து அதை அளந்தார். மூன்று புள்ளி எட்டு. பட்டறையில் சொன்னது நாலு மில்லி. அவருக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. 'ரெண்டு புள்ளி திருடிட்டா பட்டறைக்காரி.'

கத்தி அடித்துத் தந்தது ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டறை. அதை நடத்துகிறவர் நாற்பது வயதுப் பெண்மணி. லாரி ஸ்பிரிங் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, தேய்த்துக் கத்தியாக்குவார். வாயும் நல்ல சாணை பிடித்த வாய். மில்லி போய்ச் சண்டை போட்டபோது, "நாலுல அடிச்சு, காய்ச்சுன கருப்பு போகத் தேச்சா ரெண்டு புள்ளி போகும்னு ஆர்டர் எடுக்கும்போதே சொன்னேன் ஸ்டோர்காரரே. அதுல கத்தி உடையாது. உடைஞ்ச துண்டக் குடுங்க, எதனாலன்னு பாத்துச் சொல்றேன்" என்றார்.

கொடுப்பாரா மில்லி? தடயத்தைத் திருடன் கையிலேயே கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா? இரண்டு துண்டுகளையும் பழைய துணியில் சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அந்தப் பூட்டிலும் எண் உண்டு. அப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பட்டறைக்காரி தடிமனில் கைவைத்த கதையைச் சொன்னார். அந்தப் பட்டறைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு கம்பெனிகள் வேறிடம் பார்த்துக்கொண்டு போய்விட்டன. அதற்குள் கிடங்கில் பதினொன்றாம் நம்பரும் பதினாலாம் நம்பரும் உடைந்தன. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. "பாத்தீங்களா, எல்லாம் மெலிசு" என்றார் மில்லி.

தங்கை வீட்டுக்கு வாரம் ஒருமுறை போவார். செருப்பைக் கழற்றும்போதே தங்கை அதே கேள்வியைக் கேட்பாள். "ஒத்துக்கிட்டாளா அண்ணே, அந்தப் பட்டறைக்காரி?"

"இன்னும் இல்லம்மா. ஒத்துக்க வைக்கறேன்" என்பார்.

இந்த நிலையில்தான் மேனேஜர் ஒரு திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டார். பழைய கத்திகளை மொத்தமாகக் கழித்துவிட்டு நாற்பது புதுக்கத்தி வாங்கவேண்டும். பக்கத்தில் வேறு யாரும் இவ்வளவு கனமான கத்தி அடிப்பதில்லை, அதனால் அதே பட்டறைதான்.

"தடிமன் என்னன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். இன்னொருத்தன் கை போச்சுன்னா என்னால பதில் சொல்ல முடியாது."

மில்லிக்கு முதல் சந்தேகம், முடிவைத் தன் தலையில் கட்டிவிட்டு மேனேஜர் நழுவுகிறாரோ என்பது. இரண்டாவது சந்தேகம், மேனேஜருக்கும் பட்டறைக்கும் ஏதாவது பழக்கம் இருக்குமோ என்பது. ஆனாலும் 'இன்னொருத்தன் கை' என்கிற சொல் அவரை உறுத்தியது. தப்பான தடிமனைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த கையும் தன் கணக்கில்தான் விழும் என்று அவருக்குத் தெரியும்.

நாலு, ஐந்து, ஆறு என்று மூன்று தடிமனில் மாதிரி கேட்டு அனுப்பினார். புதன்கிழமை வந்தன. அளந்தார். மூன்றும் இம்மி பிசகாமல் இருந்தன, மெருகு போட்ட பிறகும். மறுபடியும் ஒருமுறை அளந்தார். அளவு சரியாக இருந்தால் அவருக்கு அப்படித்தான். மாதிரியை ஒழுங்காக அனுப்பிவிட்டு, ஆர்டர் கையில் வந்ததும் வேலையைக் காட்டுவாளோ?

ஸ்டோர் மூலையில் இருந்த வைஸ் என்கிற இரும்புப் பிடியில் ஒவ்வொரு கத்தியின் கைப்பிடியையும் இறுக்கிக் கடிக்க வைத்து, அலகின் மேல் மூன்றடிக் குழாயைச் செருகி, தன் பலத்தையெல்லாம் கொடுத்துப் பக்கவாட்டில் இழுத்தார். நாலு மில்லி இரண்டு விரற்கடை வளைந்தது, விட்டதும் விர்ரென்று பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஐந்து மில்லி ஒரு விரற்கடை. ஆறு மில்லி லேசாக அசைந்து கொடுத்தது, அவ்வளவுதான். எதுவும் உடையவில்லை. 'மாதிரிக்கு மட்டும் நல்ல இரும்பு போட்டிருக்கா' என்று சொல்லிக்கொண்டார்.

ஆட்களிடம் கொடுத்து ஒரு நாள் வேலை செய்யச் சொன்னார். சாயங்காலம் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். நாலு மில்லி கயிற்றில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறதாம். ஐந்து பரவாயில்லையாம். ஆறு மில்லியை வாங்கியவன் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது மணிக்கட்டை நீவிக்கொண்டே வந்தான்.

"இது கத்தியாண்ணே? கைப்பிடி போட்ட கடப்பாரை. இதால கயிற அறுக்கறதுக்குப் பல்லால கடிச்சிரலாம்."

"நாலுதான் வேணும்னு யாராவது சொல்லச் சொன்னாங்களா?" என்று மில்லி அவன் முகத்தையே பார்த்தார்.

"எங்க மணிக்கட்டு சொல்லுதுண்ணே."

பத்துப் பேர் ஒரே மாதிரி சொன்னால் மில்லிக்கு அது பத்துச் சாட்சியாகத் தெரியாது, ஒரு சதியாகத்தான் தெரியும். மெலிந்த கத்தியில் இரும்பு குறைவு, இரும்பு குறைந்தால் பட்டறைக்கு லாபம், ஆகவே பட்டறைக்காரி இவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கேட்டுக்குப் போனார். மாப்பிள்ளை ஒருவரிடமாவது உள்ளதைக் கேட்கலாமே.

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ள. எது?"

மாப்பிள்ளை மூன்று கத்திகளையும் இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நாலு மில்லியை வலது கையில் வைத்தார். விரல்கள் பிடிக்கவில்லை, கத்தி மேஜைமேல் விழுந்தது. "அறுக்கறதுக்குன்னா நாலு மச்சான். ஆனா எங்கிட்ட கேக்காதீங்க. எனக்கு இப்ப எதப் பாத்தாலும் உடையும்னுதான் தோணுது."

அது போதும் மில்லிக்கு. ஆறு என்று தீர்மானித்துவிட்டார். நாற்பது மணிக்கட்டு வலித்தாலும் வலிக்கட்டும், ஒரு உள்ளங்கை கிழியக்கூடாது. அதிலே அவருக்கு உண்மையான அக்கறைதான், அதை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது. அன்று ராத்திரி மனைவியிடம்கூட, "இந்த வாட்டி ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகாது" என்று இரண்டு முறை சொன்னார்.

தேர்ந்தெடுத்த மாதிரியை ஆர்டர் வந்து சேரும் வரைக்கும் பத்திரமாக வைக்கவேண்டும், வருகிற நாற்பதையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், நடுவில் எவனும் அதை மாற்றிவிடக்கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சுப்பெட்டியைத் திறந்தார். ஆறு மில்லிக் கத்தியை எடுத்து, கைப்பிடியை ஒட்டி, அலகின் தட்டையான பக்கத்தில், நாற்பத்தொன்று என்று அடித்தார். கைப்பிடிப் பக்கம் இரும்பு சற்று இளகின பதம் என்பதால் அங்கேதான் எண் பதியும். ஆனாலும் ஸ்பிரிங் இரும்பு லேசில் இடங்கொடுக்காது. நாலுக்கு இரண்டு அடி. ஒன்றுக்கு மூன்று அடி. விரலால் தடவினால் தெரியவேண்டும் என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை காலை மேனேஜரே ஸ்டோருக்கு வந்தார். "எங்க, உங்க சோதனையக் காட்டுங்க பாப்போம்." பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். மில்லி நாலையும் ஐந்தையும் இழுத்துக் காட்டினார், வளைந்தன, திரும்பின. "இப்ப ஆறு. இது அசையாது பாருங்க சார்" என்று குழாயைச் செருகி இழுத்தார். பாதி பலம்கூடக் கொடுத்திருக்க மாட்டார். டக். அலகு குழாயோடு போய்ச் சுவரில் மோதி விழுந்தது. மில்லி பின்பக்கமாக ஆணிச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆறே உடையுதுன்னா எத வாங்கறது?" என்று கேட்டார்.

மில்லிக்கு மண்டை சூடாகிவிட்டது. ராத்திரியே கத்தியை மாற்றிவிட்டார்கள், சந்தேகமே இல்லை! குனிந்து அலகைப் பொறுக்கினார். ஒடிந்த இடத்தில் ஒன்றின் விளிம்பு இருந்தது. கைப்பிடியில் நாலு, அவர் அடித்த நாலு. அவர் பூட்டி வைத்த கத்திதான். யாரும் மாற்றவில்லை. அப்படியானால் பட்டறைக்காரி இரும்பிலேயே ஏதோ செய்திருக்கிறாள். இன்றைக்கு அவளை ஒத்துக்க வைக்காமல் திரும்புவதில்லை என்று, இழுப்பறையைத் திறந்து பதினேழாம் நம்பரை எடுத்தார், ஆறு மில்லித் துண்டுகளை எடுத்தார், ஆட்களின் பழைய கத்திகளில் கைக்கு வந்த நாலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ரயில்பாதையைத் தாண்டினார்.

பட்டறையில் அந்த அம்மாள் சாணைக்கல்லை நிறுத்திவிட்டு, வந்தவர் கூச்சல் போட்டு முடிக்கும் வரைக்கும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு வருஷங்கழிச்சாவது கொண்டு வந்தீங்களே" என்று துண்டுகளை வாங்கினார். அளக்கவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒடிந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினேழையும் நாற்பத்தொன்றையும் பக்கம் பக்கமாக வைத்தார்.

"இந்த நம்பர் யார் அடிச்சது?"

"நான்தான். ஏன், அடிக்கக்கூடாதா? மாத்திட்டீங்கன்னா?"

"பதம் போட்ட இரும்புல, கைப்பிடி ஓரத்துல, இவ்வளவு ஆழமா." அவர் குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. "எங்க உடைஞ்சிருக்குன்னு பாருங்க ஸ்டோர்காரரே. தடிமன விடுங்க. எங்கன்னு பாருங்க."

மில்லி பார்த்தார். ஒரு வருஷமாக அந்தத் துண்டை நூறு தடவை கையில் எடுத்திருப்பார். நூறு தடவையும் பருமனை அளந்தாரே தவிர, எங்கே ஒடிந்தது என்று பார்க்கவில்லை. எண் கத்தியின் நீளவாக்கில் போவதால், ஒன்று என்கிற கோடு அலகுக்குக் குறுக்கே விழும். பதினேழில் ஏழு முழுசாக அலகில் இருந்தது. ஒடிவு ஒன்றின் கோட்டிலேயே, ஓலையை நகத்தால் கீறி மடித்துக் கிழித்த மாதிரி, நேராகப் போயிருந்தது. நாற்பத்தொன்றிலும் அதே ஒன்றுதான்.

"அடிச்ச கோட்டுக்கு அடியில முடி மாதிரி விரிசல் விழும். நெம்ப நெம்ப அது வளரும். நாலு மில்லி கொஞ்சம் வளைஞ்சு குடுத்துப் பொறுத்துக்கும். ஆறு வளையாது, அதனால பாரமெல்லாம் அந்தக் கோட்டுலயே நிக்கும். நீங்க மூணு அடி வேற போட்டிருக்கீங்க."

தப்பிக்கப் பார்க்கிறாள் என்றுதான் மில்லியின் மனசு முதலில் சொன்னது. அந்த அம்மாள் வாதாடவில்லை. அவர் பையிலிருந்த நாலு பழைய கத்திகளின் எண் அடித்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்தார். சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினார். பத்தாம் நம்பரிலும் பன்னிரண்டாம் நம்பரிலும் வெள்ளைப் பொடியின் ஊடே ஒரு ஈரக் கோடு மெல்ல எழும்பியது. விரிசலுக்குள் நுழைந்திருந்த எண்ணெய் வெளியே வருகிறது. இருபத்து மூன்றும் முப்பத்தெட்டும் வெள்ளையாகவே இருந்தன.

"மண்ணெண்ணெயும் உங்களுது, சாக்பீஸும் உங்களுது" என்றார் மில்லி. சொல்லும்போதே அவருக்குத் தன் குரல் பிடிக்கவில்லை.

"அப்ப உங்களுத வச்சுப் பாருங்க. அதுக்கும் மேல உங்களோட என்னால மல்லுக்கு நிக்க முடியாது" என்று அந்த அம்மாள் சாணையை ஓடவிட்டார்.

கடையில் புதிதாக மண்ணெண்ணெய் வாங்கினார், வேறு கடையில் சாக்பீஸ் வாங்கினார். ஸ்டோரைச் சாத்திக்கொண்டு, மிச்சமிருந்த முப்பத்தேழு கத்திகளையும் வாங்கி மேஜைமேல் வரிசையாகப் படுக்க வைத்தார். தடவினார், துடைத்தார், தூவினார், காத்திருந்தார். ஒன்பது கத்திகளில் கோடு எழுந்தது. ஒன்பதிலும் ஒன்று என்கிற எண் இருந்தது. உடைந்த மூன்றையும் நினைத்துப் பார்த்தார். பதினேழு, பதினொன்று, பதினாலு. இந்த ஒன்பது பேரும் நேற்றுக்கூட இதே கத்தியை இறக்கி நெம்பியிருக்கிறார்கள். வெர்னியரைப் பையில் வைக்க இரண்டு முறை முயன்று மூன்றாவது முறை மேஜையிலேயே விட்டுவிட்டார்.

மேனேஜரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். நாலு மில்லி போதும், அலகில் யாரும் எதுவும் அடிக்கக்கூடாது, எண் வேண்டுமானால் கைப்பிடி மரத்தில் சுட்டுக்கொள்ளலாம், அந்த ஒன்பதை இனி யார் கையிலும் திருப்பிக் கொடுக்கக்கூடாது. மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, வாங்கிருவோம். ஆனா காரணத்த எதுக்கு வெளிய சொல்லணும்? அது பட்டறை மேலயே இருந்துட்டுப் போகட்டும். ஒரு வருஷமா இருக்கிற பேச்சுதானே. அந்தம்மா வந்து சண்டை போடவா போறாங்க?"

ஒரு மூச்சு விடுகிற நேரம் மில்லிக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. பால்காரர், தக்காளிக்காரர், ஆட்கள், டாக்டர் என்று ஊரில் இருக்கிற எல்லோரும் மனசுக்குள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று அவர் ஐம்பது வருஷமாகச் சந்தேகப்பட்டிருக்கிறார். கடைசியில் ஒரு ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தார் என்றால், அது தன்னைத்தான். வெட்கமாக இருந்தது.

"இல்ல சார். நானே சொல்லிக்கறேன்" என்று எழுந்துவிட்டார்.

கேட்டில் மாப்பிள்ளை நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மில்லி நின்றபடியே துணியைப் பிரித்துப் பதினேழாம் நம்பரின் இரண்டு துண்டுகளையும் மேஜைமேல் வைத்தார்.

"மாப்பிள்ள, கத்தி மெலிசு இல்ல. அந்தம்மா ஒண்ணும் திருடல. நான் அடிச்ச நம்பர்லதான் உடைஞ்சிருக்கு. அந்த ஒண்ணுலதான்."

மாப்பிள்ளை துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டும் பொருந்தி, நடுவில் ஒன்று முழுசாகத் தெரிந்தது. அதற்குள் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் எழுந்துபோய் எண்ணைப் பார்த்து, வந்து உட்கார்ந்து, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக எழுதி, கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். மில்லி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதை மறைக்கிறார், கோபத்தையா, வெறுப்பையா? பழக்கம் போகவில்லை.

"இந்த நம்பர அடிக்கும்போது கத்தி நகராம நான்தானே புடிச்சிக்கிட்டு நின்னேன்" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா."

"மொத அடியிலயே நல்லாத் தெரியுது, போதும் மச்சான்னேன்."

"சொன்னீங்க."

"தெரிஞ்சா பத்தாது, அழியாம இருக்கணும்னு இன்னொண்ணு போட்டீங்க."

மில்லிக்கு நினைவிருந்தது. சுத்தியலை ஓங்கினபோது அலகை அழுத்திப் பிடித்திருந்த அந்த வலது கையும், மடங்கியிருந்த அந்த ஐந்து விரல்களும் நினைவிருந்தன. அவர் வாய்விட்டு அழுதார். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரை இடது கையால் அவர் பக்கம் நகர்த்தினார்.

வேலை முடிந்து இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். வழியில், "வேணும்னா நானே உங்க தங்கச்சிகிட்ட சொல்லிக்கறேன்" என்றார் மாப்பிள்ளை. நாலடி தள்ளி மில்லி, "வேணாம்" என்றார். இவர் எப்படிச் சொல்வாரோ, என்னவெல்லாம் சேர்ப்பாரோ என்ற எண்ணம் ஒன்றும் இந்த முறை வரவில்லை. பாதியைக் குறைத்துத்தான் சொல்வார் என்று தெரிந்திருந்தது.

கதவைத் திறந்த தங்கை கையில் கரண்டியோடு நின்றாள். மில்லி அவளுக்குக் கல்யாணத்தின்போது வாங்கிக் கொடுத்த கரண்டி, காம்பில் எண்ணும் உண்டு. அண்ணனும் புருஷனும் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. விஷயம் முடிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டாள்.

"என்னண்ணே, ஒத்துக்கிட்டாளா?"

மில்லி செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"அவங்க ஒத்துக்க ஒண்ணும் இல்லம்மா. நான்தான் ஒத்துக்க வந்திருக்கேன்."